டப்பாவில் இருந்த காது

உங்கள் வீட்டு அலமாரியை ஒரு தடவை திறந்து பாருங்கள். மேல் தட்டில், பழைய மூக்குக் கண்ணாடிக்கும் நின்று போன கைக்கடிகாரத்துக்கும் நடுவே, உள்ளங்கையில் அடங்கும்படியாக ஒரு சின்ன டப்பா இருக்கிறதா? அதற்குள்ளே முந்திரிப் பருப்பு அளவில் இரண்டு சாமான்கள் பளபளவென்று உட்கார்ந்திருக்கின்றனவா? அப்படியானால் இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். டப்பா இல்லாதவர்களும் படித்து வையுங்கள். மாமியார் இல்லாத வீடு இருக்கலாம். வயது ஏறாத வீடு கிடையாது.

எங்கள் வீட்டு டப்பா ஒன்பது மாதம் அப்படி இருந்தது. அதில் இருந்தவை என் அத்தையின் காது மிஷின்கள். அத்தை என்றால் என் மாமியார். வயது 74. அந்த ஒன்பது மாதமும் பார்க்கிறவர்களிடமெல்லாம் நான் ஒரே பல்லவியைப் பாடிக்கொண்டிருந்தேன்: "ஒரு ஜோடித் தங்க வளையல் விலை கொடுத்து வாங்கித் தந்தோம். நாலு நாள் போட்டுக்கொண்டார்; கழற்றி வைத்துவிட்டார். பிடிவாதம்!"

இதில் வளையல் விலை ஒன்றுதான் வாஸ்தவம். மற்றதெல்லாம் என் கற்பனை. அது கற்பனை என்று எனக்கு எப்படித் தெரிய வந்தது என்பதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அத்தைக்குக் காது மந்தமாகி வருகிறது என்பதை நாங்கள் முதலில் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டோம். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சமையலறையிலிருந்து, "அத்தை, அந்தத் தட்டை எடுங்க" என்றேன். அவர் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து ஒரு துண்டுப் பட்டையை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்னத்துக்குப் பட்டை? பிரியாணியா பண்ணப் போறே?" என்றார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். இன்னொரு நாள், "இவர் பத்து மணிக்கு வந்துவிடுவார்" என்றேன். "கத்தினானா? யாரை?" என்று பதறினார். அதற்கும் சிரித்தோம். அத்தையும் சேர்ந்து சிரித்தார். ஆனால் நாளாக ஆக அவர் சிரிப்பது குறைந்தது. பிறகு கேள்வி கேட்பது குறைந்தது. அப்புறம் கூடத்தில் வந்து உட்காருவதே குறைந்துவிட்டது.

இதில் ஒரு விசித்திரம். சாதாரணமாகப் பேசினால், "என்ன?" என்பார். கொஞ்சம் உரக்கச் சொன்னால், "ஏன் இப்படிக் கத்தறே? எனக்கென்ன காது கேட்காதா?" என்பார். அது அவருடைய கோபம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வயதான காதின் இயல்பே அதுதான் என்பதும், மெல்லிய ஓசை விழாது, பெரிய ஓசை நமக்குப் படுவதுபோலவே, சில சமயம் நமக்கு மேலாகவே உறைக்கும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

2023-ஆம் வருஷம் ஆவணி மாதம், என் வீட்டுக்காரர் ஒரு நாள் துணிந்து, "வா, இன்றைக்கு வாங்கிவிடலாம்" என்று கிளம்பினார். கடை பெரிய சாலையில், கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமுமாகப் பிரமாதமாக இருந்தது. பெயர் சொல்ல மாட்டேன். அவர்களைச் சந்தி சிரிக்க வைப்பது என் நோக்கமல்ல. அங்கே ஒரு பையன், நல்ல மரியாதை தெரிந்தவன்தான், அத்தையை நாற்காலியில் உட்காரவைத்துக் காதில் ஒரு ஹெட்போனை மாட்டினான். வெளியே பஸ் ஹாரன், உள்ளே டெலிபோன் மணி. அதற்கு நடுவே, "சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்க பாட்டி" என்றான். பத்து நிமிஷத்தில் பரீட்சை முடிந்தது. கம்ப்யூட்டரில் இரண்டு தட்டு தட்டினான். "எல்லாம் ஆட்டோமாட்டிக் சார். மிஷின் தானாகவே அட்ஜஸ்ட் பண்ணிக்கும்" என்று என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னான்.

கவனித்தீர்களா? காது அத்தையுடையது, பேச்செல்லாம் சாரிடம். அத்தையை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குற்றம் அந்தப் பையன் மேல் மட்டும் என்று சொல்ல மாட்டேன். நாங்களும்தான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தது கூத்து. பக்கத்தில் உட்கார்ந்து பேத்தி மீனு கட்டிக்கொண்டால் 'கீ' என்று விசில் அடித்தது. தலையணையில் சாய்ந்தால் விசில். புடவைத் தலைப்பைக் காது ஓரமாக இழுத்து விட்டாலும் விசில். "பாட்டி குக்கர்!" என்று மீனு கை கொட்டினாள். அவளுக்கு ஏழு வயது. அவளை என்ன சொல்வது? அதற்குப் பிறகு மீனு ஓடி வந்தால் அத்தை இரண்டு கையையும் நீட்டித் தூரத்திலேயே அவளை நிறுத்திவிடுவார்.

கடைக்குப் போனோம். காதுக்குள் போகும் ரப்பர் நுனியை மாற்றி, இறுக்கமானதாக ஒன்று போட்டுக் கொடுத்தார்கள். விசில் குறைந்தது. ஆனால் அத்தை வாயைத் திறந்து பேசினால், குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவதுபோல் அவர் குரல் அவருக்கே முழங்கிற்றாம். சாப்பிடும்போது அப்பளத்தை மென்றால் மண்டைக்குள் செங்கல் உடைகிறது என்றார். மறுபடியும் போனோம். சப்தத்தைக் குறைத்துக் கொடுத்தார்கள். குறைத்தவுடன் பேச்சு கேட்கவில்லை. மூன்றாவது தடவை போனோம். கூட்டிக் கொடுத்தார்கள். கூட்டியதும் எவர்சில்வர் பாத்திரம் தேய்க்கிற சப்தம் காதில் ஊசி குத்திற்று. "வயசானவங்க மேடம், பழகணும்" என்றான் பையன்.

'பழகணும்' என்ற இந்த வார்த்தை இருக்கிறதே, அது பாதி நிஜம்; அதனால்தான் ஆபத்தானது. பல வருஷமாக மின்விசிறியின் சப்தத்தையும், செருப்புச் சப்தத்தையும், பேப்பர் புரட்டும் சப்தத்தையும் கேட்காதிருந்த மூளைக்கு அவை திடீரென்று வந்து விழுந்தால் திகைப்பாகத்தான் இருக்கும். எது வேண்டியது, எது வேண்டாதது என்று தரம் பிரித்துக்கொள்ள வாரக் கணக்கில், சிலருக்கு மாதக் கணக்கிலும் ஆகும். அது சரி. ஆனால் பழகுவது என்பது சரியாக அமைந்த ஒன்றுக்கு. அக்குளில் பிடிக்கிற ரவிக்கையைத் தைத்துக் கொடுத்துவிட்டு, "போட்டுப் போட்டுப் பழகிக்கொள்ளுங்கள், அம்மா" என்று ஒரு தையற்காரர் சொன்னால் நாம் சும்மா விடுவோமா?

அந்த வருஷம் நவராத்திரி வந்தது. அத்தை சின்ன வயதில் பத்து வருஷம் பாட்டுக் கற்றுக்கொண்டவர். கச்சேரி செய்ததில்லை. ஆனால் எங்கள் தெருவில் அவர் பாடாமல் கொலு முடிந்ததில்லை. மிஷினைப் போட்டுக்கொண்டு, சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணை மூடினார். அரை நிமிஷம் ஆயிற்று. கண்ணைத் திறந்து பெட்டியைப் பார்த்தார். இன்னொரு தரம் முயன்றார். பிறகு, "தொண்டை கட்டிக்கிச்சு, குழந்தைகளைப் பாடச் சொல்லுங்க" என்று எழுந்து போய்விட்டார். மிஷின்கள் டப்பாவுக்குள் போனது அந்த வாரம்தான். நான் அதைக் கவனித்தேனா என்றால், இல்லை. சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

2024-ஆம் வருஷம் ஆடி மாதம் அத்தைக்குக் காதில் அரிப்பு என்று ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "வலது காதில் அழுக்கு கல்லாக அடைத்துக்கொண்டிருக்கிறதே! மிஷின் கொடுத்தவர்கள் காதுக்குள் பார்க்கவில்லையா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். யாருமே பார்க்கவில்லை. அடைப்பு அன்றைக்கே இருந்திருந்தால், அடைத்த காதைச் சோதித்து, அந்தக் கணக்குக்கு மிஷின் வைத்திருக்கிறார்கள். "பரிசோதனைப் படம் எங்கே?" என்றார். அதுவும் எங்களிடம் இல்லை. பில் இருந்தது, கியாரண்டிச் சீட்டு இருந்தது, காதின் படம் மட்டும் இல்லை. டாக்டர் அழுக்கை எடுத்துவிட்டு, ஓர் ஆஸ்பத்திரியில் இருக்கும் ஆடியாலஜிஸ்டிடம் அனுப்பினார்.

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். அத்தையை உட்காரவைத்துத் தானும் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முகத்துக்கு நேராகப் பார்த்து முதலில் கேட்ட கேள்வி இதுதான்: "பாட்டி, உங்களுக்கு என்னென்ன கேட்கணும்னு ஆசை?"

நான் வழக்கம்போல், "அவருக்கு டி.வி. ..." என்று ஆரம்பித்தேன். அந்தப் பெண் என்னைப் பார்க்காமலே கையை உயர்த்தி நிறுத்தினாள். அத்தை கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு விரல் விட்டு எண்ணினார். "மீனு பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்றா. அது கேட்கணும். மதுரையிலே என் தங்கை போன் பண்றா. அது கேட்கணும். வாசல்லே கீரைக்காரி கூப்பிட்டா தெரியணும். அப்புறம்..." என்று நிறுத்தி, "சுருதி கேட்கணும்" என்றார்.

எனக்கு என்னவோ போல் இருந்தது. அந்த நாலில் டி.வி. இல்லை.

பரிசோதனை கனத்த கதவு போட்ட, ஊசி விழுந்தால் கேட்கும் அறையில் நடந்தது. ஒவ்வொரு காதாக, கீழ் ஸ்தாயியிலிருந்து மேல் ஸ்தாயி வரையில். பிறகு, எந்த அளவு சப்தம் போனால் தாங்க முடியவில்லை என்றும் சோதித்தாள். அதற்கப்புறம் உதட்டை ஒரு காகிதத்தால் மறைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தமிழ் வார்த்தைகளைச் சொன்னாள். அத்தை திருப்பிச் சொல்ல வேண்டும். மிஷின் இல்லாமல் 25 வார்த்தைகளில் 13 சரி. கடைக்காரர் வைத்துக் கொடுத்தபடியே மிஷினைப் போட்டுக்கொண்டு சொன்னபோது 14. வளையல் விலைக்கு ஒரே ஒரு வார்த்தை லாபம்!

வரைபடத்தை எங்களுக்குக் காட்டி விளக்கினாள். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. இடது பக்கம், அதாவது கீழ் ஸ்தாயியில், கோடு ஏறக்குறைய நம்மைப்போலவே இருந்தது. மேல் ஸ்தாயிக்குப் போகப் போகக் கிணற்றுப் படி மாதிரி இறங்கிற்று. "உங்களுக்கு இலக்கணம் தெரியுமே, பாட்டி. உயிரெழுத்து உங்களுக்கு நன்றாக விழுகிறது. மெய்யெழுத்துத்தான் விழவில்லை. மெய்யிலும் ம, ந, ல எல்லாம் ஓரளவு பரவாயில்லை. க, ச, ட, த, ப இருக்கிறதே, அதுதான் நழுவுகிறது" என்றாள். பெயர் என்னவோ வல்லினம்; காதுக்கு வந்து சேருவதில் அதுதான் மெலிந்ததாம். உயிரெழுத்தின் பலம் கீழ் ஸ்தாயியில் இருக்கிறது. இந்த எழுத்துக்களின் அடையாளம் மேல் ஸ்தாயியில், மிக மெல்லிதாக, கண் இமைக்கும் நேரத்துக்குள் வந்து போய்விடுகிறது. தட்டு பட்டையானதும், பத்து கத்தானதும் எனக்குச் சட்டென்று புரிந்தது. நாங்கள் உரக்கக் கத்தியபோதெல்லாம் உயிரெழுத்துத்தான் பெரிதாயிற்று. மெய்யெழுத்து இருந்த இடத்திலேயே இருந்தது.

அடுத்தாற்போல் மிஷினைக் கம்ப்யூட்டரோடு இணைத்தாள். இங்கே ஒரு விஷயம். சில மிஷின்களை விற்றவர்களைத் தவிர வேறு யாரும் திறந்து திருத்த முடியாதபடி பூட்டித் தருகிறார்களாம். எங்களுடையது நல்ல வேளையாக அப்படிப்பட்டதல்ல. வாங்குவதற்கு முன் இதை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

திரையைப் பார்த்துக்கொண்டே அந்தப் பெண், "இதைப் பாட்டி 430 மணி நேரம் உபயோகித்திருக்கிறார்களே?" என்றாள்.

"இருக்காதே! நாலு நாள்கூடப் போட்டுக்கொள்ளவில்லையே!" என்றேன் நான்.

"மிஷின் உள்ளேயே கணக்கு இருக்கும் அம்மா" என்று திரையைத் திருப்பிக் காட்டினாள். 430. நான் மனத்துக்குள் கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் என்றாலும் நாற்பத்து மூன்று நாள். கிட்டத்தட்ட ஒரு மண்டலம்! என் பிள்ளை அப்போதுதான் ஞாபகப்படுத்திக்கொண்டு சொன்னான்: "பாட்டி என்னை மூணு தடவை மருந்துக்கடைக்கு அனுப்பி பாட்டரி வாங்கிட்டு வரச் சொன்னாங்க அம்மா. உன்கிட்டே சொல்ல வேண்டாம்னாங்க."

விசில் அடித்த மிஷினை, காதில் ஊசி குத்திய மிஷினை, குடத்துக்குள் பேசவைத்த மிஷினை ஒரு மண்டலம் விரதம்போல் போட்டுக்கொண்டு நடமாடியிருக்கிறார். நான் ஊரெல்லாம் பிடிவாதம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆட்டோவில் திரும்பும்போது மெதுவாகக் கேட்டேன்: "ஏன் அத்தை, இவ்வளவு கஷ்டம் என்று சொல்லியிருக்கக் கூடாதா?" அவர் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சொன்னேனேம்மா. நீங்கதான் கேட்கலை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தி. நகரில் வெயில் அதிகம் என்பதுபோல் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் தையற்கடை சமாசாரம்தான். அளவு எடுத்து, வெட்டி, போட்டுப் பார்த்து, பிரித்து, மறுபடியும் தைப்பது. முதலில் நூல் கட்டிய ஒரு சிறு பஞ்சுக் கட்டியைக் காதின் உள்ளே வைத்து, கொழுக்கட்டை மாவு போல் எதையோ பிசைந்து காதுக்குள் நிரப்பினாள். அந்தப் பஞ்சு, மாவு செவிப்பறை வரையில் போய்விடாமல் காப்பதற்காக. ஐந்து நிமிஷத்தில் அது கெட்டியாகி, காதின் அச்சு வெளியே வந்தது. அந்த அச்சை வைத்து அத்தையின் காதுக்கென்றே நுனி செய்து வந்தது. அதில் மெல்லிய துவாரம் ஒன்று. துவாரம் பெரிதாக இருந்தால் சப்தம் வெளியே கசிந்து, மைக்கில் மறுபடி புகுந்து, விசில். சின்னதாக இருந்தால் சொந்தக் குரல் வெளியேற வழியில்லாமல் குடம். இந்த இரண்டுக்கும் நடுவே சரியான அளவைப் பிடிக்க அவள் இரண்டு தடவை துவாரத்தை மாற்றினாள்.

பிறகுதான் முக்கியமான வேலை. சேமியாவைப் போல் மெல்லிய குழாய் ஒன்றை மிஷினோடு கூடவே காதுக்குள் செலுத்தி, எதிரே ஒலிபெருக்கியில் ஒருவர் பேசுகிற குரலை ஒலிக்கவிட்டாள். செவிப்பறைக்கு அருகே உண்மையில் எவ்வளவு சப்தம் போய்ச் சேருகிறது என்று அந்தக் குழாய் அளந்து சொல்கிறது. திரையில் இரண்டு கோடுகள். ஒன்று, அத்தையின் காதுக்குப் போய்ச் சேர வேண்டியது. மற்றொன்று, போய்ச் சேருவது. மேல் ஸ்தாயியில் இரண்டுக்கும் இடையே ஓர் ஆறு ஓடலாம்போல் இருந்தது. நடு ஸ்தாயியிலோ வேண்டியதற்கு மேலாகவே கொட்டிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் தானாகப் போடும் முதல் கணக்கு ஒரு சராசரிக் காதுக்கானது. புதிதாகப் போடுகிறவர்கள் முகம் சுளிக்கக்கூடாது என்று மேல் ஸ்தாயியை அது பெரும்பாலும் அடக்கியே வைக்குமாம். ஆனால் காதுத் துவாரம் ஒருவருக்கு இருப்பதுபோல் இன்னொருவருக்கு இருப்பதில்லை. அளந்து பார்த்தால்தான் தெரியும். அளக்கிற யந்திரம் எல்லாக் கடையிலும் இருப்பதில்லை. இருக்கிற இடத்திலும் எல்லோருக்கும் செய்வதில்லை. "காதுக்குள் குழாய் வைத்து அளந்து பார்ப்பீர்களா?" என்று கேட்பது நம்முடைய உரிமை. கத்தரிக்காயைக் கிள்ளிப் பார்த்து வாங்குகிற நமக்கு இதைக் கேட்க என்ன கூச்சம்?

எவ்வளவு சேர வேண்டும் என்பதற்குச் சூத்திரங்கள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் தேசிய ஒலியியல் ஆய்வுக்கூடத்தார் வகுத்த ஒன்றைத்தான் அவள் உபயோகித்தாள். வயது என்ன, ஆணா பெண்ணா, முன்பு மிஷின் போட்டதுண்டா, பேசுகிற பாஷை சீன பாஷையைப்போல் ஸ்வரம் மாறினால் அர்த்தம் மாறுவதா, இதையெல்லாம் அது கேட்கிறது. ஆஸ்திரேலியாக்காரன்கூட அத்தையைப் பற்றி இத்தனை கேள்வி கேட்டிருக்கிறான்!

பாத்திரச் சப்தத்துக்கு அவள் செய்த பரீட்சைதான் எனக்கு மிகவும் பிடித்தது. மேஜை இழுப்பறையிலிருந்து ஓர் எவர்சில்வர் டம்ளரையும் கரண்டியையும் எடுத்து, அத்தையின் காதருகே 'டங்' என்று தட்டினாள். அத்தை முகம் சுளித்தார். கம்ப்யூட்டரில் பெரிய சப்தத்துக்கான மேல் வரம்பைக் கொஞ்சம் இறக்கினாள். மறுபடி 'டங்'. மறுபடி இறக்கம். நாலாவது 'டங்'குக்கு அத்தை, "இப்ப டம்ளர் மாதிரி இருக்கு" என்றார். மெல்லிய ஓசையை நிறைய உயர்த்தி, பெரிய ஓசையைக் கொஞ்சமாக உயர்த்துவதுதான் சூட்சுமமாம். கடையில் செய்ததுபோல் மொத்தமாகக் கூட்டுவதும் மொத்தமாகக் குறைப்பதும் உப்புக் கரித்த குழம்பில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான்.

இரண்டாவது தடவை போனபோது சுருதிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள். அத்தை மடியில் வைத்துக்கொண்டே ஆட்டோவில் வந்தார். அறையில் பெட்டியை மீட்டிவிட்டு, "என்ன கேட்குது பாட்டி?" என்றாள்.

"ஆடுது. தண்ணிக்குள்ளே இருந்து வர மாதிரி ஆடுது. நடுநடுவே காணாமப் போயிடுது. இதை வெச்சுக்கிட்டு நான் எங்கே சேர்ந்து பாடறது?"

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். மிஷினின் குற்றம் அல்ல. அதன் அதிகப்படியான சமர்த்துத்தான் காரணம். விசிலை அடக்குவதற்கென்று அதற்குள்ளே ஓர் ஏற்பாடு இருக்கிறது. விடாமல் ஒரே ஸ்வரமாக ஏதாவது வந்தால், 'ஆஹா, விசில்!' என்று அதன் கழுத்தைப் பிடிக்கிறது. இரைச்சலை அடக்க இன்னொரு ஏற்பாடு. ஏற்றம் இறக்கம் இல்லாமல் தொடர்ந்து ஒலிப்பது மின்விசிறி என்பது அதன் அபிப்பிராயம். சுருதி என்பது என்ன? விடாமல், ஏற்றம் இறக்கம் இல்லாமல், ஒரே ஸ்வரமாக நிற்பது. அந்த நவராத்திரியில் நடந்தது அதுதான். தம்புராவை விசில் என்றும் மின்விசிறி என்றும் நினைத்து மிஷின் அழித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அத்தையின் தொண்டைக்கு ஒன்றும் நேரவில்லை. பாட்டுக்கென்று தனியாக ஒரு திட்டத்தை உள்ளே அமைத்து, அதில் இந்த இரண்டு காவற்காரர்களையும் உட்காரவைத்துவிட்டாள். பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் பேச்சு. இன்னொரு தடவை அழுத்தினால் பாட்டு.

எல்லாம் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. பத்து வாரத்தில் நாலு தடவை போனோம். முதல் இரண்டு வாரம் முழு அளவு கொடுக்காமல், பிறகு படிப்படியாக ஏற்றினாள். வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் போடச் சொன்னாள். என்ன சப்தம், எங்கே, எப்படி இருந்தது என்று அன்றன்று எழுத வேண்டும். 'சரியாகவே இல்லை' என்று சொன்னால் அவளால் ஒன்றும் செய்ய முடியாது. 'மீனு பேசினால் புரிகிறது, டி.வி. செய்தி புரியவில்லை' என்றால் எதைத் திருத்துவது என்று தெரியும். நான்தான் எழுதினேன். செவ்வாய்: குக்கர், பரவாயில்லை. புதன்: மிக்ஸி, கழற்றி வைத்தார். ஞாயிறு: கல்யாண மண்டபம், பிரயோஜனம் இல்லை.

கல்யாண மண்டபத்துக்கு அவளிடமும் முழு மருந்து இல்லை. நாதஸ்வரம், ஐந்நூறு பேர் பேச்சு, பந்திப் பாத்திரம் இவற்றுக்கு நடுவே எந்த மிஷினும் தடுமாறும் என்று ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டாள். சுவர் ஓரமாக உட்காருங்கள். சப்தம் முதுகுப் பக்கம் இருக்கட்டும். பேசுகிறவர் எதிரே இருக்கட்டும் என்றாள். எங்களுக்கும் உத்தரவு கிடைத்தது. சமையலறையிலிருந்து கூடத்துக்குக் குரல் கொடுக்கக் கூடாது. முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். கத்தக் கூடாது. இதில் நான் இன்றுவரை பாஸ் பண்ணவில்லை.

இதற்கெல்லாம் நடுவே சில்லறைத் தொல்லைகளும் உண்டு. நம் ஊர் வியர்வைக்கு மிஷின் ஈரம் கோத்துக்கொள்ளும். இரவில் ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட டப்பாவில் வைக்க வேண்டும். பாட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் பழுப்புத் தாளைப் பிரித்ததும் போட்டுவிடாமல், காற்றுப் பட ஒரு நிமிஷம் விட வேண்டும். பழைய பாட்டரியைக் குழந்தை கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்; விழுங்கினால் ஆபத்து. நுனியில் காது அழுக்கு அடைத்துக்கொண்டு, 'மிஷின் செத்துவிட்டது' என்று நான் அலறியடித்துக்கொண்டு ஓடியதும், அந்தப் பெண் கால் நிமிஷத்தில் அடைப்பை மாற்றிக் கொடுத்ததும் தனிக் கதை. சிவப்புப் புள்ளி வலது காதுக்கு, நீலம் இடதுக்கு. இதையும் நான் ஒரு முழு நாள் மாற்றிப் போட்டுவிட்டேன். அத்தை வாய் திறக்கவில்லை. மருமகள் ஆசையாகப் போட்டுவிட்டதைக் குறை சொல்லலாமா என்று இருந்தாராம்.

நாலாவது தடவை வார்த்தைப் பரீட்சையில் 25-க்கு 21 வந்தது. 'தட்டு' என்ற வார்த்தை அதில் இருந்ததோ என்னவோ, எனக்குத் தெரியாது.

2024 நவராத்திரியில் அத்தை பாடினார். குரல் நடுங்கத்தான் செய்தது. வருஷக் கணக்கில் பாடாத குரல் அல்லவா? இரண்டாவது பாட்டில் கொஞ்சம் நிதானப்பட்டது. மீனு பாட்டியின் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். விசில் ஒன்றும் வரவில்லை. நான் அன்றைக்குச் சுண்டலை முன்கூட்டியே முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன்.

இப்போது நோட்டுப் புத்தகம் என் கையில் இல்லை. "நீ எழுதறது சரியா இல்லை, நானே எழுதிக்கறேன்" என்று அத்தை வாங்கிக்கொண்டுவிட்டார். ஐந்தாவது தடவையாகப் போகிறதற்கு முதல் நாள், என்ன எழுதியிருக்கிறார் என்று எடுத்துப் பார்த்தேன். குண்டு குண்டான எழுத்தில், தேதி வாரியாக, அழகாக இருந்தது. கீரைக்காரி குரல், நன்று. தங்கை போன், நன்று. சில சமயம் அவளுக்குத்தான் காது கேட்கவில்லை. சாலையில் நடக்கும்போது காற்று அடித்தால் இரைச்சல், சொல்ல வேண்டும். அதற்குக் கீழே கடைசியாக இப்படி எழுதியிருந்தது:

'மருமகள் குரல் மிகவும் கூர்மையாக இருக்கிறது. இது மிஷினின் கோளாறுதானா என்று விசாரிக்க வேண்டும்.'